பச்சையம்மாவைத் தெரியாதவன்

அன்புள்ள அம்மாவுக்கு,

தவசீலன் எழுதுறேன். முட்டி வலி எப்படி இருக்கு? ஜொகூர்ல அக்கா வேளைக்கு மருந்து தராளா? நான் சுகம்தான். ஃபோன்ல சொல்ல வாய் வரல, அதான் கடிதம்.

பீடோர்ல நான் வரைஞ்சு கட்டுற கோல்ஃப் திடல் எந்த இடம்னு உங்ககிட்ட மறைச்சிட்டேன். நம்ம பழைய ரப்பர் எஸ்டேட்தாம்மா. நீங்க பால்மரம் வெட்டின இடமெல்லாம் இப்போ புல்லு. மழைத்தண்ணி எங்க தேங்கும்னு நான் பார்க்காமலே சொல்றது முதலாளிக்கு ஆச்சரியம். ஈப்போக்காரன்னு அவர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். முப்பத்தஞ்சு வயசுலதான் கோல்ஃப் மட்டையே பிடிச்சவன்னு ஏற்கெனவே இங்க சிரிப்பாங்க. அதுக்கு மேல எஸ்டேட் பிள்ளைன்னும் சொல்லக் கூச்சமா இருந்துச்சு.

நேத்து அவரோட நடக்கும்போது, களை பிடுங்கிட்டிருந்த ஒரு அம்மா எழுந்து, "நீ செல்லாயி மவன்தானே?"ன்னு கேட்டாங்க. ஆயக்கொட்டாய்ல பிள்ளைங்களைப் பார்த்துக்கிட்ட பச்சையம்மா. நீங்க வேலைக்குப் போனா அவங்க மடியிலதானே கிடப்பேன்! நான் தமிழே தெரியாதவன் மாதிரி, "சாரி, ஆன்ட்டி"ன்னு சொல்லிட்டு நடந்துட்டேன்.

"மாஃப், துவான்"னு மலாய்ல என்னைத் துரைன்னு கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுட்டு மறுபடி குனிஞ்சிட்டாங்கம்மா.

எலுமிச்சை ஊறுகாய் ரெண்டு போத்தல் அனுப்புங்க. ஒண்ணு அவங்களுக்கு.

மணல் லோரி வந்துடுச்சு, நிறுத்துறேன். சின்னதுல அவங்களை நான் என்னன்னு கூப்பிடுவேன்? அது மட்டும் ஞாபகம் வரல. கடிதம் கிடைச்சதும் ஃபோன் பண்ணிச் சொல்லுங்க. முதலாளி பக்கத்துல நிக்கும்போதே அப்படிக் கூப்பிடணும்.

உங்க மகன்,
தவசீலன்