ஜேர்மன் மொழியில் சொல்லியிருக்க மாட்டேன்

செவ்வாய்க்கிழமை, வுப்பர்டால்

போன வாரம் தாதியர் மாஸ்டர் படிப்பில், பெற்றோரிடம் எப்படிப் பேசுகிறோம் என்று நடித்துக் காட்டும் ஒரு தேர்வு. தகப்பனாக நடித்தவர், "என் குழந்தை பிழைக்குமா?" என்று ஜேர்மன் மொழியில் கேட்டார். "இப்போது யாராலும் சொல்ல முடியாது. தெரிந்ததை உங்களிடம் மறைக்க மாட்டேன்" என்றேன். பேராசிரியை முழுப் புள்ளி தந்தார்.

இன்று காலை, நான் வேலை செய்யும் மருத்துவமனையின் குறைமாதக் குழந்தைகள் பிரிவில், மன்னாரைச் சேர்ந்த அக்கா ஒருவர் அதே கேள்வியைத் தமிழில் கேட்டார். அவருடைய மகள் ஆறாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். இன்று மூன்றாம் நாள்.

"தங்கச்சி, பிள்ளை தப்புமோ?"

"ஓம் அக்கா, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

வாய் முந்திவிட்டது. தமிழில் எனக்கு ஆறுதல் சொல்லித்தான் பழக்கம்.

நாள் முழுக்க அது உறுத்தியது. வேலை முடிந்ததும் அவரிடம் திரும்பப் போனேன்.

"அக்கா, நான் காலமை சொன்னது பிழை. பிள்ளை தப்புமோ எண்டு எனக்குத் தெரியாது. டொக்டருக்கும் தெரியாது."

அழுவார் என்று நினைத்தேன். அவர் பக்கத்துக் கதிரையை நான் உட்கார என்னிடம் நகர்த்தினார்.

"நீங்கள் 'யோசிக்காதேங்கோ' எண்டு சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. இருந்து சொல்லுங்கோ, இந்தக் குழாய் என்னத்துக்கு?"

ஒவ்வொன்றாகச் சொன்னேன். தமிழ் வராத இடத்தில் கையால் காட்டினேன்.

புறப்படும்போது, "நாளைக்கும் வருவியளோ?" என்றார்.

"நாளைக்கு வகுப்பு அக்கா. வியாழக்கிழமை வாறன்."

உறுதியாகச் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை பிள்ளையும் இருக்க வேண்டும்.