நான் கேட்ட சந்தேகம்

செவ்வாய்க்கிழமை இரவு

இன்னிக்கு நான் கிண்டல் பண்ணலம்மா கவிதா. நெஜமாவே தெரியாமத்தான் கேட்டேன்.

நாளை கேம்ப் ரோட்டில் ஒரு பள்ளியில் மருமகள் கவிதாவுக்கு டெமோ கிளாஸ். பாடம் நடத்திக் காட்டினால்தான் டீச்சர் வேலை. ஒத்திகைக்கு என்னை மாணவனாக உட்கார வைத்தாள். நடந்து முடிந்த விஷயம் என்றால் இங்கிலீஷ் வார்த்தைக்குப் பின்னால் 'எட்' என்று ஒரு வால் ஒட்ட வேண்டுமாம்.

"டீச்சர், நான் இட்லி துன்னெட், காபி குடியெட்" என்றேன். சிரித்தாள்.

"அப்ப 'கோ'வுக்கு மட்டும் ஏன் அந்த வால் ஒட்டல? 'வெண்ட்' எங்கேர்ந்து வந்துச்சு?"

அவள் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டித் தேடினாள். கண் கலங்கிவிட்டது. "நாளைக்கும் இப்படித்தான் முழிச்சிக்கினு நிப்பேன். உங்களுக்கு எல்லாமே வெளாட்டு மாமா" என்று புத்தகத்தை மூடினாள்.

ஆறாவதில் நான் இதே கேள்வியைக் கேட்டேன். திமிர் என்று வாத்தியார் பெஞ்சு மேல் ஏற்றினார். அதற்கப்புறம் நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

சாப்பிட்டதும் அவளிடம் போனேன். "தெரியலன்னா தெரியலன்னே சொல்லிடும்மா. எங்க வாத்தியாரு மட்டும் அப்படிச் சொல்லியிருந்தா நானு..."

"காலைல சீக்கிரம் எழுந்துக்கணும் மாமா" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.