காலில் ஊற்றிய மஞ்சள் தண்ணீர்

சின்னவளுக்கு,

ஆத்தூர் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் இருந்து எழுதுகிறேன். வடக்கனந்தலில் இருந்து நடந்து வந்தும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இரண்டு வரிக்கு ஒரு தரம் எழுந்துவிடுகிறேன். போனில் பேச வாய் வராது.

எங்களுக்குச் சொல்லாமல் நீ கல்யாணம் பண்ணிக்கொண்ட அன்று, "இனிமே உன் வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றேன். மூன்று வருஷமாகப் பழனிக்கு நடக்கும்போது, சின்னசேலம் வந்ததும் உன் வீடு இருக்கிற ரோட்டை விட்டு நான் மட்டும் ஸ்டேஷன் பக்கம் சுற்றிப் போவேன். இன்றைக்குக் கால் கேட்கவில்லை. வாசப்படியை மிதிக்கவில்லை, ரோட்டில்தான் நின்றேன்.

நடந்து வருகிற சாமிகளின் காலில் நீ மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாய். குனியும்போதெல்லாம் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டாய். எத்தனை மாதம்? இந்த நேரத்தில் குடம் தூக்கலாமா?

கடைசி ஆளாக வந்தேன். நீ நிமிரவே இல்லை. மற்றவர்களுக்கு ஒரு சொம்புதான். எனக்குக் குடம் தீரும்வரை ஊற்றினாய்.

"காலு வெடிச்சிக்கினு கெடக்குது. மெதுவா நடங்க சாமி."

மாலை போட்டவனை அப்படித்தான் கூப்பிட வேண்டும், தெரியும். குனிந்திருந்த உன் நெற்றியில் விபூதி பூசிவிட்டு நடந்தேன்.

பூசம் முடிந்ததும் மாலையைப் பழனியிலேயே கழற்றிவிட்டு, பஸ்ஸில் வந்து சின்னசேலத்தில் இறங்குவேன். அன்றைக்கும் சாமி என்று கூப்பிட்டால், வாசலோடு திரும்பிவிடுவேன்.

உன் அப்பா