மலைமேல் ஒரு கோச்சிங் சென்டர்

ஜூலை 30, புதன்

மத்தியானம் மேசைமேலேயே தூங்கிவிட்டேன். அறைத்தோழி அபிநயா என் நெற்றியில் பவுடரால் பட்டை போட்டு, முன்னால் தட்டு வைத்து, பிஸ்கட் வசூல் பண்ணிவிட்டாள். டாக்டரம்மாவே ஒன்று போட்டாராம்.

நான் தூங்கினாலே இங்கே விசேஷம். மே மாதம் நீட் பரீட்சை ஹாலில் மயங்கி விழுந்தவள், அப்புறம் இரண்டு மாதம் தூக்கமில்லாமல், கதவைச் சாத்திக்கொண்டு கூரையையே பார்த்துக்கிடந்தேன். கல்வராயன் மலையில் இந்த மனநல இல்லத்துக்கு வந்து மூன்று வாரம். துக்கத்துக்கு ஒரு சுழி கூடப் போட்டால் தூக்கம். அந்தச் சுழிதான் மாத்திரை போல.

ஜூலை 31, வியாழன்

அப்பா போன். கரும்பு, மழை, கடைசியில் விஷயம். "மணி, ஊர்ல நீட் கோச்சிங்னு சொல்லி வெச்சிக்கிறேன். எவனுக்காச்சும் தெரிஞ்சிது, அன்னிக்கே வந்து கூட்டிக்கினு போயிடுவேன்."

அப்பா சொன்னது பொய்யில்லை. நீட்டிப் படுக்கத்தானே கோச்சிங்.

ஆனால் — கூட்டிக்கொண்டு போய்விட்டால்? மறுபடியும் அந்தக் கூரையா? டாக்டரம்மா இன்னும் ஆறு வாரமாவது வேண்டும் என்றாரே.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அமிர்தம் அத்தை வந்துவிட்டது. அப்பாவின் அக்கா. அம்மாவிடம் பேச்சுக் கொடுத்து இடத்தைக் கறந்துவிட்டதாம். கூடவே மகள் தனுஷா, பிளஸ் டூ. அவளையும் இந்த 'கோச்சிங்'கில் சேர்க்கணுமாம். நல்லவேளை, வாசல் போர்டில் இல்லத்தின் பெயர் மட்டும்தான்.

அபிநயாவுக்குக் கண்ணடித்தேன். அது போதும் அவளுக்கு. சமையல்கார சடையன் அண்ணன் உரித்த கோழியோடு போனார். "பயாலஜி சார். பிராக்டிகலுக்குப் போறாரு," என்றாள். அத்தை எழுந்து நின்று வணக்கம் வைத்தது. அவரும் கோழியோடு திருப்பி வைத்தார்.

மரத்தடியில் மூச்சுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது.

"இன்னாடி, எல்லாம் கண்ண மூடிக்கினு குந்தியிருக்குதுங்க?"

"மனப்பாடம் அத்த."

"ஃபீஸ் ஜாஸ்தியா?"

"கம்மிதான். சீட்டுதான் கஷ்டம்."

அத்தை கை கழுவப் போனதும் தனுஷா என் பக்கம் சாய்ந்தாள். "இது இன்னா எடம்னு தெரியுது, மணி. அந்த நர்சக்கா மாத்திர குடுத்தத பாத்தேன். நெஜமாவே எனுக்கு இங்க எடம் கெடைக்குமா? நானும் தூங்கி ரொம்ப நாளாவுது."

விரல் நகமெல்லாம் சதை வரைக்கும் கடித்திருந்தாள். எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

அத்தை திரும்பி வந்து, "பிளஸ் டூ முடியட்டும், வர்ற வருசம் சேத்துடலாம்," என்று அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டது.

ஆகஸ்ட் 4

அத்தையிடம் நிஜத்தைச் சொன்னால் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போவார். சொல்லாவிட்டால் தனுஷா அடுத்த வருஷம் வரை கூரையைப் பார்ப்பாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

டாக்டரம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அத்தைக்குப் போன் போட்டேன்.

"அத்த, நான் இங்க படிக்கல. மனசுக்கு வைத்தியம் பாக்கறாங்க. தனுஷாவுக்கும் பாக்கணும். வர்ற வருசம் இல்ல, இப்பவே."

"அப்ப அந்தக் கோழி சாரு?"

"சமையல் அத்த."

போன் கட்.

ஆகஸ்ட் 6

அப்பா போன். "வெள்ளிக்கெழம வரேன். துணிய எடுத்து வெய்யி."

நான் துணியை அடுக்க அடுக்க, அபிநயா ஒவ்வொன்றாக எடுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டாள். ஐந்து சுடிதார். கை மடங்கவில்லை. அவளுக்குச் சோறு நான்தான் ஊட்டினேன். இருவரும் சிரித்துச் சிரித்து அழுதோம். கடைசியில் எது எதுவென்றே தெரியவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அப்பா வந்தார். பின்னாலேயே அத்தையும் தனுஷாவும். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறியதிலிருந்து அத்தை அப்பாவைத் திட்டிக்கொண்டே வந்ததாம். "ரெண்டு மாசம் புள்ள தூங்கல, கூடப்பொறந்தவகிட்ட சொல்ல வாயில்ல ஒனுக்கு."

டாக்டரம்மா தனுஷாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அத்தை கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என் பை அப்பா காலடியில். அவர் அதைத் தொடவில்லை.

ஊரிலிருந்து யாரோ அவருக்குப் போன் செய்தார்கள்.

"மலைக்கு வந்துகிறேன் பா. பொண்ண பாக்க." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "இல்ல, கோச்சிங் இல்ல. மனசு செரியில்லாம இருந்துச்சி, வைத்தியம் பாக்கறோம். இன்னும் ஆறு வாரம் ஆவும்." மறுபடியும் எதையோ கேட்டார்கள் போலிருக்கிறது. அப்பா என்னைப் பார்த்தார்.

"ம். இப்ப தூங்குது."