ஒட்டன்சத்திரத்து அடிக்குரல்

நவ. 13, சனி
காலையிலிருந்து தூறல். துவைத்த துணி எதுவும் காயவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் கால ஞாயிறுகள் நான்கு. நான்கு மாலையும் பங்கு ஹாலில் எங்கள் பாடல் குழு. நானூறு வருடத்துப் பழைய லத்தீன் பாட்டுகள், வாத்தியம் இல்லாமல் நான்கு குரலில். என் பல வருட ஆசை. இன்றைக்குப் பார்த்து நான்கில் ஆகக் கீழே ஒலிக்கிற அடிக்குரலைப் பாடும் அருள் சாருக்குத் திருச்சிக்கு மாற்றல். அவர் இல்லாமல் பாட்டு தரையில் நிற்காது.

பங்குச் சாமியார் வேறு: "சனம் வந்தா நடத்துங்க டீச்சர். வரலைன்னா ஹாலை கேரம் போட்டிக்குக் குடுத்துருவேன்."

நவ. 15, திங்கள்
மழை, பள்ளி லீவு. தங்கை நிச்சயதார்த்தத்துக்குக் காய்கறி வாங்க இவருடன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்.

தக்காளி ஏலம். விலை கூவிய ஆளின் குரல், கூடைகளுக்கெல்லாம் அடியிலிருந்து வருவது போல. அப்படியே நின்றுவிட்டேன். ஏலம் முடிந்ததும் போய், எங்கள் குழுவில் பாட வருவாரா என்று கேட்டேன். பெயர் பழனிச்சாமி. மார்கழி பஜனையில் பாடுபவராம்.

"ஏனுங்க டீச்சர், நானு முருகன் பாட்டு பாடறவனுங்க. உங்க சாமி ஒண்ணும் சொல்லாதுங்களா?"

"சொல்லாது. நீங்க வந்தாப் போதும்."

பஸ்ஸில் இவர்: "வெங்காயம் வாங்கப் போயி ஆளைப் பிடிச்சுக்கிட்டு வாரா."

வெங்காயம்! மறந்தே போனது.

நவ. 20, சனி
ஒத்திகைக்கு வந்துவிட்டார்! லத்தீனைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை கேட்டால் பிடித்துக்கொள்கிறார். எங்களோடு பாடும் பூட்டுக்கடை சேவியர் அண்ணனுக்கு மட்டும் பிடிக்கவில்லை. "மார்க்கெட்ல கத்துற ஆளைக் கோயில் பாட்டுக்குக் கூட்டியாந்திருக்கியே தாயி."

வாங்க வேண்டியது: மெழுகுவத்தி, ஊக்கு, இஞ்சி.

நவ. 28, ஞாயிறு
முதல் கச்சேரி. பாதி நாற்காலி காலி.

பழனிச்சாமிக்குப் பயம். பயத்தில் ஏலக் குரல் வந்துவிட்டது. முன்வரிசையில் ஒருவர் சிரிக்க, வரிசை முழுக்கச் சிரிப்பு. சேவியர் அண்ணன் நடுப்பாட்டில் வாயை மூடிக்கொண்டார். பழனிச்சாமி டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார். சாமியார் என்னைப் பார்த்து, "இன்னும் ஒரு வாரம் பாப்போம்." அவ்வளவுதான்.



டிச. 1, புதன்
பள்ளி விட்டதும் ஒட்டன்சத்திரம் பஸ். முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு நடுவில் நின்றிருந்தார்.

"வேண்டாமுங்க டீச்சர். என்ன பாடறோம்னே தெரியாமக் கத்துனா சிரிக்கத்தானுங்க செய்வாங்க."

எழுத்தைக் கொடுத்தேன், அர்த்தம் சொல்லவில்லை! அங்கேயே சொன்னேன். மழையை அனுப்பு, மண் காய்ந்து கிடக்கிறது என்று மேகத்திடம் கெஞ்சுகிற பாட்டு.

"அட, மழை கேக்கறதுங்களா? அதுக்கு எதுக்குங்க சத்தம்? மெதுவாத்தானுங்க கேக்கோணும்."

முருங்கைக்காய் ஒரு கட்டு கொடுத்தார். வருவாரா என்று கேட்கப் பயம். கேட்கவில்லை.

டிச. 5, ஞாயிறு
வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு.

மெதுவாக எடுத்தார். தரையே முனகுவது போல. அதன்மேல் நாங்கள் எல்லோரும் ஏறி நின்றோம். ஒருவரும் சிரிக்கவில்லை. இருமல் கூட இல்லை. சேவியர் அண்ணன் தலையைத் திருப்பி அவரைப் பார்த்துக்கொண்டே பாடினார். முடிந்ததும் அவரே டீ டம்ளரை நீட்டினார்.

"அப்பு, அடுத்த வாரம் செத்த வெள்ளன வாங்க. அந்த ரெண்டாவது பாட்டை நாம சேந்து பாத்துக்கிருவோம்."

சாமியார் கேரம் பற்றி மூச்சு விடவில்லை.

டிச. 12, ஞாயிறு
நாற்காலி போதாமல் பாய் விரித்தோம். தாடிக்கொம்பிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். எனக்குத் தொண்டை கரகரப்பு. மிளகுப் பால்.

டிச. 19, ஞாயிறு
கடைசிக் கச்சேரி. மார்க்கெட் ஆட்கள் டெம்போ பிடித்து வந்து முன்வரிசையை நிரப்பிவிட்டார்கள். ஒரு பாட்டை மறுபடி பாடச் சொல்லி ஒரே சத்தம். பாடினோம்.

ஹால் வாசலில் பழனிச்சாமியின் மனைவி. கண் கலங்கியிருந்தது.

"வீட்டுல வாயே தொறக்க மாட்டாருங்க டீச்சர். இங்க வந்து இம்புட்டுப் பாடறாருங்களா!"

போகாமல் நின்றார். சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டே, "என்னையும் சேத்துக்குவீங்களா?"

"எங்க, ஒரு வரி பாடிக் காட்டுங்க."

வாயைப் பொத்திக்கொண்டு ஒரு தாலாட்டு. கையை எடுக்கச் சொன்னேன். எடுத்தார்.

பழனிச்சாமி செருப்பு மாட்ட மறந்து நின்றுகொண்டிருந்தார்.