ஜூலை பதினொன்றில் என் கைப்பை

பிராக், ஜூலை 12

அம்மாவுக்கு ஓல்காவின் முத்தங்கள். முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

முந்தாநாள் நான் காவலுக்கு இருக்கும் சதுக்கத்து மாளிகைக் காட்சியகத்தில் மேல்மாடிச் சிற்றாலயத்தின் சாவி காணாமல் போனது. நேற்றுக் காலை நான் உள்ளே நுழைந்ததும் மற்றக் காவல் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். எல்லார் கண்ணும் என் கைப்பை மேல். ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்தவள்தானே, என்னைத்தான் திருடி என்கிறார்கள் என்று நாள் முழுக்கக் கூர்வளைவுச் சன்னலோரம் வெந்துகொண்டிருந்தேன். வேலை போனதென்றே முடிவு செய்துவிட்டேன்.

மாலையில் மூத்தவளான விளாஸ்தா வந்து, "பையைத் திற, பாப்போம்" என்றாள்.

"நான் எதையும் எடுக்கலக்கா."

"எடுக்கல சரி, எதையும் கொண்டாரவும் இல்லையே, கஞ்சப் பிசினாறி! எங்க செக் காலண்டர்ல ஒவ்வொரு பேருக்கும் ஒரு நாள் உண்டு, ஓல்காங்கிற பேருக்கு இன்னிக்குத்தான். பேர்நாள்காரிதானே கேக் தரணும்? காலையிலேர்ந்து பட்டினி கெடக்கோம்!"

"எங்க நாட்டுக் காலண்டர்ல அது இருபத்திமூணாச்சேக்கா!"

சாவி அவள் இழுப்பறையிலேயே இருந்ததாம். ஆனாலும் பயம் போகாமல் பையை இன்றும் மடியில்தான் வைத்திருந்தேன்.

உன் வால்நட் கேக் செய்முறையை எழுதி அனுப்பு. தடித்த காலுறையும் வேண்டும். இந்தக் கல்தரை கோடையிலும் சில்லிடுகிறது. இருபத்திமூன்றாம் தேதி இங்கே யாருக்கும் என் நினைவு வராது. அன்று காலை நீ கூப்பிடு. சாப்பாட்டு இடைவேளை முடிந்துவிட்டது.

உன் ஓல்கா