அலகில்லாத அன்னம்

ஆவணி, ஞாயிற்றுக்கிழமை.

இன்று வசந்தாவின் மகளுக்குக் காது குத்தல். குழந்தையை மடியில் வாங்கியதும் என் கை அப்படியே நின்றுவிட்டது. பட்டுப் பாவாடையின் கரையில் வரிசையாக அன்னங்கள். அதில் ஒன்றுக்கு மட்டும் அலகு இல்லை.

அது என் தவறு. பத்து வருடத்துக்கு முன், ஜரிகை அறுந்ததைக் கவனிக்காமல் நான் நெய்த புடவை அது. தறியிலிருந்து அறுத்து மடித்த அன்றே காணாமல் போனது. என்னோடும் வசந்தாவோடும் நெய்துகொண்டிருந்த தேவியைத் திருடி என்று சொல்லி முதலாளி துரத்திவிட்டார்.

வசந்தா என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

"உன் கண்ணுல படட்டும்னுதான்டி தெச்சிப் போட்டேன். தங்கச்சி கல்யாணத்துக்குன்னு நான்தான் திருடுனேன், குடுக்க மனசு வரல. இத்தினி வருசமா பெட்டியில வச்சிக்கினு தூக்கமே இல்ல."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகிறவளை என்னவென்று திட்டுவது?

"நாளைக்கு ஐயம்பேட்டைக்குப் போயி தேவி கால்ல வுழப் போறேன். நீயும் கூட வாடி."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

தேவி புடவையை எடுத்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று அன்று முதலாளியிடம் பொய் சொன்னவள் நான். வசந்தாவுக்கு அது தெரியாது.

தேவிக்குத் தெரியும்.